நிக்கல்சன் பாலத்தை வச்சு லீடர்ஷிப் க்ளாஸ் எடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ட்ரெய்னர் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

ஹோட்டல் ஹால் புக் பண்ணி, கழுத்துல ஐடி கார்டு மாட்டி விட்டு, ரவுண்ட் டேபிள்ல எங்கள உக்கார வச்சு லீடர்ஷிப் வொர்க்‌ஷாப் நடத்துற உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன், யாரோ ஒருத்தர குறி வச்சு இல்ல. ஏன்னா வேற வேற ட்ரெய்னருங்க வேற வேற ஊர்ல அதே படத்த எடுத்து அதே இடத்துல கட் பண்ணி போட்டுக்கிட்டு இருக்கீங்க, நானும் உக்காந்து பார்த்தேன், கம்பெனி மாறி போன ஃப்ரெண்ட்ஸும் அங்கயும் அதேதான்னு சொல்றாங்க.

படம் 1957ல டேவிட் லீன் எடுத்த தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்ககிட்ட பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்ங்க, அந்த ஜப்பானுக்காகவே ஒரு ரயில் பாலம் கட்டிக் கொடுக்குற கதை. ஏழு ஆஸ்கர் வாங்கின படம், ரெண்டு மணி நேரம் நாப்பத்தி ஒரு நிமிஷம் ஓடும், நீங்க காட்டுறது அதுல கால் மணி நேரம் இருந்தா அதிகம். தகர டப்பா மாதிரி ஒரு இரும்புக் கூண்டுல வெயில்ல அடைச்சு வச்ச பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன் தள்ளாடிக்கிட்டே வெளிய வருவாரு, அது முதல் க்ளிப், கீழ "ரெஸிலியன்ஸ்"னு ஒரு ஸ்லைடு. அடுத்து ஜப்பான் கமாண்டர் சைட்டோவோட மேஜையிலயே உக்காந்து, கைதியா இருந்துக்கிட்டே மீட்டிங்க அவரு நடத்துவாரு, அது "இன்ஃப்ளுயன்ஸ்". கடைசியா பாலம் முடிஞ்சு, இத பிரிட்டிஷ் ஆர்மி சோல்ஜருங்க டிசைன் பண்ணி கட்டுனாங்கன்னு பலகை அடிப்பாங்க, அது "ஓனர்ஷிப்". அதோட லைட்ட போட்டுட்டு, உங்க டீம்ல நிக்கல்சன் யாருன்னு கேக்குறீங்க, நாங்களும் ஸ்டிக்கி நோட்ல பேரு எழுதி ஒட்டுறோம்.

அந்தப் பலகைக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு உங்க க்ளாஸ்ல பாதிப் பேருக்கு தெரியாதுங்க. முப்பது வயசுக்குள்ள இருக்குற பசங்க இந்தப் பேரையே உங்க க்ளாஸ்லதான் முதல்ல கேள்விப்படுறாங்க, அவங்களுக்கு நிக்கல்சன்னா நல்ல மேனேஜர், அவ்ளோதான். படம் எடுத்தவங்க அவர எங்க கொண்டு போயி நிறுத்துனாங்கன்னு தெரியாமயே வீட்டுக்கு போறாங்க. நான் சொல்ல வந்ததே இதுதான், வேல நல்லா செய்றதப் பத்தி எடுத்த படம் இல்ல இது, அந்த நல்ல வேல யாருக்குப் போயி சேருதுன்னு கேக்க மறந்த ஒரு மனுஷனப் பத்தி எடுத்த படம், நீங்க அந்தக் கேள்விய வெட்டி எடுத்துட்டு மிச்சத்த எங்களுக்கு பாடமா நடத்துறீங்க.

முதல்ல அந்தக் கூண்டுக்குள்ள அவரு எதுக்கு போனாரு? உங்க ஸ்லைடுல "கொள்கைக்காக"ன்னு இருக்கு. என்ன கொள்கைன்னு எந்த க்ளாஸ்லயும் யாரும் சொல்லி நான் கேக்கல. பிடிபட்ட ஆபீசர்கள கை வேலைக்கு விடக்கூடாதுங்குறதுதான் அந்தக் கொள்கை. 1929 ஜெனீவா ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு, சாதா சிப்பாய வேலை வாங்கலாம், ஆபீசர கட்டாயப்படுத்தக்கூடாது (ஜப்பான் அதுல கையெழுத்து போட்டுச்சு, ஆனா உறுதி பண்ணவே இல்ல, அது வேற கதை). நிக்கல்சன் அந்த ஒப்பந்தப் புத்தகத்த நீட்டுறாரு, சைட்டோ அத வாங்கி அவர் மூஞ்சிலயே அடிக்கிறாரு. அந்த இடத்துல நிக்கல்சன் நிக்கிறதுல ஒரு கம்பீரம் இருக்கு, அலெக் கின்னஸ் நடிப்பு அப்படி, அத நான் மறுக்கல. ஆனா அவரு பட்டினி கிடந்து காப்பாத்துற விஷயம் என்னன்னு பாருங்க, மண்ண தொடுறவன் ஒருத்தன், தொடாம மேற்பார்வை பாக்குறவன் ஒருத்தன்னு இருக்குற அந்தக் கோடு. நம்ம ஊர்க்காரனுக்கு இத விளக்கிச் சொல்லணுமா என்ன.

இதுக்கு நடுவுல சைட்டோ ஒரு மிரட்டல் விடுவாரு, கைதிங்களோட டாக்டர் கிளிப்டன் அத கொண்டு வந்து நிக்கல்சன்கிட்ட சொல்வாரு. ஆபீசருங்க வேலைக்கு வரலன்னா ஆஸ்பத்திரிய மூடிட்டு, படுத்து கிடக்குற நோயாளிங்கள அவங்களுக்கு பதிலா வேலைக்கு இழுப்பேன்னு மிரட்டல். ஆளுங்க செத்துருவாங்க சார்னு டாக்டர் கெஞ்சுறாரு. நிக்கல்சன் அசையமாட்டாரு, இப்ப விட்டா அப்புறம் நிறுத்த முடியாதும்பாரு. சரி, ஜெயிச்சும் காட்டுறாரு. ரஷ்யாவ 1905ல ஜெயிச்ச நாளக் கொண்டாடுறோம்னு ஒரு சாக்கு சொல்லி சைட்டோ இறங்கி வர்றாரு, ராத்திரி ரூம்ல தனியா உக்காந்து அழறாரு. உங்க க்ளிப்பு எல்லாம் இந்த வெற்றியோட சூட்டுலதான் ஓடுது.

இப்ப படத்தோட பின்பாதிக்கு வாங்க. பாலத்த முடிக்க வேண்டிய நாள் நெருங்குது, ஆள் பத்தல. நிக்கல்சன் என்ன பண்றாரு? முதல்ல ஆபீசருங்கள கூப்பிட்டு அவங்களையே வேலைல இறக்குறாரு. எந்தக் கோட்டுக்காக கூண்டுக்குள்ள வெந்தாரோ அந்தக் கோட்ட அவரே அழிச்சுடுறாரு, யாரும் அடிக்கல, யாரும் மிரட்டல. அதுக்கப்புறமும் பத்தல. நேரா ஆஸ்பத்திரி கொட்டகைக்குள்ள போறாரு. இந்த சீன நிதானமா பாருங்க, குரலே உசத்தமாட்டாரு, படுத்திருக்கிறவங்ககிட்ட அவ்ளோ கனிவா பேசுவாரு, லேசான வேலதான், காத்தாட வெளிய வந்தா உடம்புக்கும் நல்லதுதானேங்குற தொனி. டாக்டர் பக்கத்துலயே நிக்கிறாரு, வாய் திறக்கப் பாக்குறாரு, எடுபடல. கொஞ்ச நேரத்துல கட்டு போட்டவன், நொண்டுறவன், குச்சி ஊனினவன் எல்லாம் வரிசையா பாலத்த பாத்து நடக்குறாங்க. சைட்டோ எத செய்வேன்னு மிரட்டினானோ அதே விஷயத்த, அந்த மிரட்டலுக்கு பணியாத அதே நிக்கல்சன், அன்பா பேசியே செஞ்சு முடிச்சுடுறாரு.

துப்பாக்கிய காட்டி சைட்டோவால வாங்க முடியாத வேலைய நிக்கல்சன் "மோட்டிவேஷன்" காட்டி வாங்கிட்டாரு. ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெட்ட வேண்டிய மண்ணோட அளவ ஏத்தச் சொல்றதே அவருதான். அந்த மேஜை மீட்டிங்ல இவரு ஒவ்வொண்ணா கேக்க கேக்க, அந்த ஆர்டர் ஏற்கனவே போட்டாச்சுன்னு சைட்டோ செத்த குரல்ல சொல்லிக்கிட்டே இருப்பாரு, நீங்க அத பாத்து சிரிக்க வைக்கிறீங்க, சிரிப்பு வரும்தான், ஆனா அங்க நடக்குறது என்ன, எதிரியோட ப்ராஜெக்ட்ட எதிரிய விட நல்லா முடிச்சுக் கொடுக்க எதிரிகிட்டயே பர்மிஷன் வாங்குறது. இவ்ளோ நல்லா கட்டணுமா, அவங்களால முடிஞ்சத விட பெட்டரா நாமளே கட்டிக் கொடுக்கணுமா, இது எதிரிக்கு துணை போறதா ஆகாதான்னு கிளிப்டன் கேக்குறாரு. நிக்கல்சனுக்கு அந்தக் கேள்வி காதுல ஏறவே இல்ல. என்னைக்காவது யுத்தம் முடியும், அப்ப இந்தப் பாலத்துல போறவன் இத கட்டுனவன் அடிமை இல்ல, சோல்ஜர்னு நினைக்கணும்ங்குறதுதான் அவரு பதில். முழுப் பொய்யும் இல்ல அது, அதனாலதான் படம் நல்ல படம். கைதியா மனசு ஒடிஞ்சு போன ஆளுங்களுக்கு ஒரு வேலையும் ஒரு ஒழுங்கும் உயிர் கொடுக்கும்னு அவரு நம்பினதுல நியாயம் இருக்கு, நீங்க காட்டுற பாதி அந்த நியாயம்தான்.

மீதி? பாலத்துல நின்னு சூரியன் சாயுறப்ப சைட்டோகிட்ட தன் சர்வீஸப் பத்தி பேசுவாரு, இருவத்தெட்டு வருஷம், அதுல வீட்ல இருந்தது ஒரு பத்து மாசம் கூட இருக்காது, நான் வாழ்ந்ததுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வயசுல தோணும் இல்லையா, அந்தப் பேச்சு. அந்தப் பாலம்தான் அவருக்கு அந்தக் கணக்க நேர் பண்ணிக் கொடுக்குது. அடுத்த நாள் காலைல ஆத்துல தண்ணி இறங்கி, அவங்க நாட்டுக்காரனே வச்ச வெடி ஒயர் மணல்ல தெரியுது. அதப் பாத்தவுடனே அவரு சந்தோஷப்படல, பதறுறாரு. சைட்டோவ கூட்டிட்டு போயி ஒயர புடிச்சு இழுக்குறாரு. வெடிக்க வந்த சின்னப் பையன் ஜாய்ஸ் தன்னோட ஆளுதான்னு தெரிஞ்சும் அவன் மேல விழுந்து தடுக்குறாரு, ஜப்பான் சிப்பாய்ங்கள உதவிக்கு கூப்பிடுறாரு. ஜாய்ஸும், அந்த கேம்ப்ல இருந்து தப்பிச்சு போயி பாலத்த உடைக்க திரும்பி வந்த ஷியர்ஸும் கண்ணு முன்னாடி செத்த அப்புறம்தான் நான் என்ன காரியம் பண்ணிட்டேன்னு அவருக்கு உறைக்குது. அவரு உடம்பு, அமுக்குனா வெடி வெடிக்கிற ப்ளஞ்சர் கைப்பிடி மேல விழுந்து பாலம் போகுது. தெரிஞ்சே விழுந்தாரா தெரியாம விழுந்தாராங்குற சண்டை இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. அந்த ஒயர பாத்தப்ப அவரு எந்தப் பக்கம் ஓடினாருங்குறதுலயே எல்லாம் முடிஞ்சு போச்சு.

நீங்க நிறுத்துற இடத்துக்கும் இதுக்கும் நடுவுல இருவது நிமிஷம் இருக்குமா?

எதிர் கட்சியையும் படம் தூக்கி வைக்கல, அத சொல்லணும். பாலத்த உடைக்க வர்ற பிரிட்டிஷ் கமாண்டோ மேஜர் வார்டனும் இதே ரகம்தான், டார்கெட் மட்டும் வேற. விஷ மாத்திரைய கையில கொடுத்து கூட்டிட்டு போறவரு, கடைசில தன் ஆளுங்க உயிரோட பிடிபடக்கூடாதுன்னு மோர்ட்டார் குண்ட அவங்க பக்கமே விடுறாரு. மூட்டை தூக்கிட்டு வந்த சயாம் (இப்ப தாய்லாந்து) பொண்ணுங்க அவர பாக்குற பார்வை இருக்கே, படம் முழுக்க அவங்களுக்கு பெருசா பேச்சு கொடுக்காத லீன் அந்த ஒரு பார்வையில கொஞ்சம் கடன அடைச்சுடுறாரு. மனுஷனா வாழ்றதுதான் முக்கியம், உங்களுக்கெல்லாம் முறையா சாகுறதுதான் முக்கியமா இருக்குன்னு ஷியர்ஸ் கத்துறதும் இந்த வார்டன பாத்துதான். அந்த ஷியர்ஸ் யாருன்னா ஆபீசர்னு பொய் சொன்ன சாதா நேவி ஆளு. எதுக்கு பொய்? ஆபீசருக்கு கொஞ்சம் நல்ல கவனிப்பு கிடைக்கும்னுதான். கோடு எங்க இருக்குன்னு அவனுக்கு தெரியும்.

சரி, நிஜத்துக்கு வர்றேன், ஏன்னா ஒரு வொர்க்‌ஷாப்ல இது உண்மைக் கதைன்னே சொன்னாங்க. இல்லைங்க. பியர் பூல்ங்குற பிரெஞ்சு எழுத்தாளர் எழுதின நாவல்ல இருந்து வந்த கதை. நிஜப் பாலத்த கட்டுன டாமர்கான் கைதி கேம்ப்ல சீனியர் ஆபீசர் பேரு பிலிப் டூஸி, லெப்டினன்ட் கர்னல். அவரு நிக்கல்சன் இல்லவே இல்ல. வேல செஞ்சுதான் ஆகணும், இல்லன்னா அடி, சாவு, அதனால வேல நடந்துச்சு, ஆனா மரத்துல கரையான புடிச்சு விட்டாங்க, கான்கிரீட்ட மோசமா கலந்தாங்க. அவரு முழு மூச்சா பாத்தது சோறு, மருந்து, சுத்தம், தன் ஆளுங்கள உயிரோட வீட்டுக்கு அனுப்புறது. பூன்போங்னு ஒரு தாய்லாந்து வியாபாரி ரிஸ்க் எடுத்து கேம்ப்புகளுக்கு திருட்டுத்தனமா மருந்து கொடுத்தாரு. படத்துல ஜப்பான் இன்ஜினியருக்கு பாலம் கட்டத் தெரியாத மாதிரி காட்டுறாங்களே, அதுவும் சுத்தப் பொய், அந்த ரயில்பாதைய பிளான் போட்டது முழுக்க அவங்கதான். ஆத்துப் பேர் கூட தப்பு, பாலத்த கட்டுனது மே கிளாங் ஆத்து மேல, படம் பாத்துட்டு டூரிஸ்ட் வந்து தேட ஆரம்பிச்ச அப்புறம் தாய்லாந்துக்காரங்க அந்தப் பகுதி ஆத்துக்கு குவே யாய்னு பேர மாத்திக் கொடுத்துட்டாங்க. ஷூட்டிங் நடந்ததோ சிலோன்ல, கித்துல்கலயில, களனி ஆத்துல.

இப்ப உங்க "டெட்லைன்" ஸ்லைடு. அந்த ரயில் பாதை தாய்லாந்து பக்கம் பான் போங்க ஒட்டி கிளம்பி பர்மால தான்பியூசாயட் வரைக்கும், 415 கிலோமீட்டர். 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல ரெண்டு பக்கத்து தண்டவாளமும் சேந்துருச்சு. நடுவுல டெட்லைன முன்னாடி இழுத்தாங்க, "ஸ்பீடோ, ஸ்பீடோ"ன்னு கத்தி கத்தி வேல வாங்கினதால அந்தக் காலத்துக்கே ஸ்பீடோன்னு பேரு. மழை, காலரா, கால்ல அழுகுற புண்ணு, படுத்தவனையும் எழுப்பி இழுத்துட்டு போனாங்க. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியா, டச்சு, அமெரிக்க கைதிங்க 60,000 பேருக்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க.

படத்துல இல்லாத கூட்டம் ஒண்ணு இருக்கு. மலாயா, பர்மா, ஜாவாவுல இருந்து கூட்டிட்டு போன ஆசியத் தொழிலாளிங்க, ரெண்டு லட்சம் பக்கம் இருக்கும்னு கணிக்கிறாங்க, செத்தவங்க 80,000ல இருந்து ஒரு லட்சம்னு சொல்றாங்க, சரியான கணக்கே கிடையாது, ஏன்னா யாரும் எழுதி வைக்கல. மலாயால இருந்து போனவங்கள்ல பெரும்பாலானவங்க ரப்பர் தோட்டத்துத் தமிழங்க. ஜப்பான்காரன் வந்த அப்புறம் ரப்பர் ஏற்றுமதி நின்னு போச்சு, தோட்டத்துல வேல இல்ல, அரிசி இல்ல. நல்ல சம்பளம், கொஞ்ச மாசத்துல திரும்பிடலாம்னு சொல்லி முதல் கூட்டத்த ரயில் ஏத்துனாங்க. போனவன் திரும்பலன்னு தெரிஞ்ச அப்புறம் யாரு வருவா? தோட்டத்துக்கு இத்தனை தலைன்னு கணக்கு வந்துச்சு. அப்புறம் சும்மா ரோட்ல போனவனப் புடிச்சாங்க. இலவச சினிமான்னு சொல்லி கூப்பிட்டு, உள்ள உக்காந்ததும் கதவ சாத்தி, அப்படியே லாரில ஏத்தி சயாமுக்கு அனுப்பின கதையும் அந்தக் காலத்து ஆளுங்க சொல்லி பதிவாகி இருக்கு. பொண்டாட்டி புள்ளையோட போன குடும்பங்களும் உண்டு.

இங்கதான் உங்களுக்கு உருப்படியான ஒரு லீடர்ஷிப் பாடம் இருக்கு, எடுத்துக்கங்க, நான் தடுக்கல. கைதிங்க மத்தியில அவங்க டாக்டருங்க இருந்தாங்க, ஆபீசருங்க இருந்தாங்க, தண்ணிய காய்ச்சிக் குடி, கக்கூஸ இவ்ளோ தூரம் தள்ளி வெட்டு, ஈ மொய்ச்ச சோத்த தொடாதேன்னு சொல்லவும் ஆள் இருந்துச்சு, சொன்னத செய்யவும் ஒரு பழக்கம் இருந்துச்சு. தோட்டத்துல இருந்து போன சனத்துக்கு அது எதுவும் கிடையாது. மருந்தும் இல்ல, டாக்டரும் இல்ல, அவங்களுக்காக முகாம் கமாண்டர்கிட்ட போயி நிக்க ஒரு நாதியும் இல்ல. காலரா வந்தப்ப கொத்துக் கொத்தா போனாங்க. அதனால ஒழுங்கு உயிர காப்பாத்தும்னு நிக்கல்சன் சொன்னது சரிதான்னு நிஜமே சொல்லுது, ஆனா ஒழுங்கு காப்பாத்தினது கக்கூஸ் வெட்டின இடத்துல, தண்ணி காய்ச்சின இடத்துல. பாலத்துல பலகை அடிச்ச இடத்துல இல்ல.

தாய்லாந்துல, அந்தப் பாலம் இருக்குற ஊரான காஞ்சனபுரியில போர்க் கல்லறை இருக்கு, கிட்டத்தட்ட 7,000 கல்லறை, வெட்டி விட்ட புல்லு, ஒவ்வொருத்தருக்கும் பேரு, வயசு, ரெஜிமென்ட்டு போட்ட பலகை. தோட்டத்து ஆளுங்களுக்கு அந்த மாதிரி தனித்தனியா ஒண்ணும் கிடையாது, மொத்தமா பொதச்சதுதான், எரிச்சதுதான். படத்த எழுதினவங்க கதையும் இதே மாதிரி ஒரு பலகை விவகாரம்தான், உங்களுக்கு தெரியுமான்னு தெரியல. திரைக்கதை எழுதினது கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும், ரெண்டு பேரையும் கம்யூனிஸ்ட்னு ஹாலிவுட் ஒதுக்கி வச்சிருந்த நேரம், அதனால டைட்டில்ல பியர் பூல் பேரு மட்டும், ஆஸ்கரும் அவருக்கே. ஆஸ்கர் கமிட்டி அத திருத்தி அவங்க பேர்ல விருத கொடுத்தப்ப ரெண்டு பேருமே உயிரோட இல்ல. உழைச்சவன் பேரு வேற, பலகைல இருக்குற பேரு வேறங்குறத அந்த ரெண்டு பேருக்கும் யாரும் க்ளாஸ் எடுத்து சொல்லத் தேவையில்ல.

இந்தப் படத்த காட்டாதீங்கன்னு நான் சொல்லல. காட்டுங்க, இத விட நல்ல படம் உங்களுக்கு கிடைக்காது. எங்க ஆபீஸ்கள்லயும் நிக்கல்சன்கள் நிறைய இருக்காங்க, அவங்க கெட்டவங்க இல்ல, ரொம்ப நல்லவங்க, அதுதான் பிரச்சனை. ஜுரத்தோட லாக்-இன் பண்ற பொண்ணுகிட்ட கனிவா பேசி இன்னும் ரெண்டு மணி நேரம் வாங்கிடுவாங்க. நாம எழுதுற சாஃப்ட்வேர் யாரோட வேலைய எடுக்கப்போகுது, நாம விக்கிற லோன் யார் வீட்டு வாசல்ல போயி நிக்கப்போகுதுன்னு எவனாவது மீட்டிங்ல கேட்டா, அது நம்ம ஸ்கோப் இல்லம்பாங்க. கிளிப்டன் கேட்ட கேள்விக்கு கிடைச்ச அதே பதில். அப்படி கேட்ட ஒருத்தனுக்கு அந்த வருஷம் அப்ரைசல்ல "டீம் ப்ளேயர் இல்ல"ன்னு எழுதினத நான் பாத்திருக்கேன். அப்படி எழுதினவரு உங்க வொர்க்‌ஷாப் சர்ட்டிஃபிகேட்ட டேபிள்ல வச்சிருந்தாரு, அதுக்கு உங்கள குத்தம் சொல்ல முடியாதுதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அதனால அடுத்த பேட்ச்ல ரெண்டே ரெண்டு மாத்தம் பண்ணுங்க. ஆஸ்பத்திரி சீன முழுசா போடுங்க, போட்டுட்டு இதுல சைட்டோ யாருன்னு கேளுங்க, எங்க ஆளுங்க என்ன எழுதி ஒட்டுறாங்கன்னு பாப்போம். அப்புறம் அந்தக் கடைசி இருவது நிமிஷம். நேரம் இல்லன்னு சொல்லாதீங்க, பேப்பர் கப்ப அடுக்கி டவர் கட்டச் சொல்லி ஒரு கேம் வைக்கிறீங்களே, முக்கால் மணி நேரம் போகுது, அத தூக்கிடுங்க.

இப்படிக்கு,
உங்க க்ளாஸ்ல பின் வரிசைல உக்கார்ற ஒரு டீம் லீட்